திப்பி தின்ற கிடா

இப்போதெல்லாம் மனுஷர்கள் கேட்கிற கேள்வியே நாறுகிறது.

மழை பெய்ததா, ஆற்றில் தண்ணீர் வந்ததா என்று கேட்க வேண்டிய வாயால், "மருமகளுக்கு ஏதாவது விசேஷம் உண்டா?" என்று கேட்கிறான். கேட்டுவிட்டுச் சும்மா இருக்கிறானா? அவள் வயிற்றைப் பார்க்கிறான். பக்கத்தில் நிற்கிற அவன் பெண்டாட்டியும் பார்க்கிறாள். ஆட்டுச் சந்தையில்கூட யாரும் இப்படி வெறித்துப் பார்ப்பதில்லை.

போன வாரம் நீடாமங்கலத்தில் ஒரு காதுகுத்து. குழந்தையை மடியில் வாங்க என் மருமகள் ஈஸ்வரி கையை நீட்டினாள். "பிள்ளை பெத்தவங்க யாராச்சும் வாங்கிக்கங்க" என்று ஒருத்தி நடுவில் புகுந்து பிடுங்கிக்கொண்டாள். பட்டுப்புடவை, கழுத்து நிறைய நகை, மனசு பூராவும் சாக்கடை. நான் பாதிச் சோற்றில் இலையை மூடிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் என் பெண்டாட்டி பிரகதாம்பாள் அந்தப் பட்டுப்புடவைக்காரி கட்சி.

"ஊர் சிரிக்குது. அவ கொஞ்ச நாள் அம்மா வீட்டுல இருந்துட்டு வரட்டும்" என்றாள். மறுநாளே ஈஸ்வரியின் அண்ணன் முருகையனுக்குப் போன் போட்டு, வந்து தங்கச்சியை அழைத்துப் போகச் சொல்லிவிட்டாள். கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று யாரும் கேட்கவில்லை. பிரகதாம்பாளுடைய தம்பி மகள் ஒருத்தி மன்னார்குடியில் கல்யாணத்துக்கு நிற்கிறாள் என்பது எங்கள் தெரு நாய்க்கும் தெரியும்.

முருகையன் வருவதாகச் சொன்ன வியாழக்கிழமை வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை வீட்டுப் பெண்ணை வெளியே அனுப்பக் கூடாதாம், லட்சுமி போய்விடுமாம். வியாழக்கிழமை அனுப்பினால் லட்சுமி உட்கார்ந்திருக்கும் போலிருக்கிறது.

* * *

எங்கள் ஊரில் விடிந்ததும் முதலில் வருவது மில் நாற்றம். வெளிச்சம் அப்புறம்தான்.

ஊருக்குக் கிழக்கே ஓடாமல் கிடந்த அரிசி மில்லை ராஜ்குமார் என்கிறவர் வாங்கி மரவள்ளிக்கிழங்கு மாவு மில்லாக மாற்றினார். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை செம்மண் பக்கத்திலிருந்து லாரி லாரியாகக் கிழங்கு வந்து இறங்கியது. கழுவி, தோல் சீவி, அரைத்து, தண்ணீர் விட்டுப் பிழிந்து தொட்டியில் விட்டால் அடியில் மாவு தங்கும். அது ஜவ்வரிசி செய்யச் சேலத்துக்குப் போகும். சேலத்துக்குப் போகாதது எல்லாம் எங்களுக்கு.

அதாவது தண்ணீர். தொட்டியிலிருந்து வரும்போது பால் மாதிரி இருக்கும். வடிகாலில் விழுந்து வெயில் பட்டால் சாம்பல் நிறமாகும். அப்புறம் கறுப்பு. மேலே நுரை கட்டி நிற்கும், அதில் ஈ மொய்க்கும். ஊசிப்போன கஞ்சியில் மூத்திரம் பெய்து மூடி வைத்துத் திறந்த மாதிரி ஒரு வாடை. அயிரை மீனெல்லாம் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்த அன்றைக்கு ஊரே புகார் சொல்லப் போனது. ஒரு அதிகாரி வந்தார். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு பார்த்தார். போய்விட்டார். கைக்குட்டை வைத்திருக்கிறவருக்கு என்ன கஷ்டம்.

அந்த மில்லில்தான் என் மகன் செழியனுக்கு வேலை. தொட்டியில் இறங்கி, புளித்த தண்ணீரில் நின்றுகொண்டு, அடியில் தங்கியதை வழித்துப் போட வேண்டும். கல்யாணத்துக்கு முன்பே சேர்ந்தவன். இப்போது தொட்டி மேஸ்திரி. மேஸ்திரி என்றால் மற்றவர்களுக்கு முன்னால் இவன் இறங்க வேண்டும், அவ்வளவுதான் பதவி. எத்தனை சோப்புப் போட்டுக் குளித்தாலும் அவன் மேல் அந்த வாடை போகாது.

சம்பளத்தோடு ஒரு சலுகையும் உண்டு. திப்பி. கிழங்கைப் பிழிந்த பிறகு மிஞ்சுகிற ஈரச் சக்கை. தூக்கிக்கொண்டு போகத் தெம்பு இருந்தால் மூட்டை மூட்டையாகக் கொடுப்பார்கள். செழியன் கொண்டுவந்து போட்டான். நான் அதை என் கிடாவுக்கு வைத்தேன்.

சாதாரணக் கிடா இல்லை, பொலிகிடா. கறுப்பு உடம்பு, நெற்றியில் மட்டும் வெள்ளை. சுற்று வட்டாரத்தில் யார் வீட்டுப் பெட்டை ஆடு பருவத்துக்கு வந்து கத்தினாலும் என் கொல்லைக்குத்தான் ஓட்டிக்கொண்டு வருவார்கள். திப்பி தின்ன ஆரம்பித்த பிறகு அதன் உடம்பு எண்ணெய் தடவின மாதிரி மினுங்கியது. கண் பட்டுவிடும் என்று கழுத்தில் கறுப்புக் கயிறு கட்டினேன்.

அந்த வியாழக்கிழமை காலையில் கூத்தாநல்லூர் மூஸா வண்டியை நிறுத்திவிட்டு நேராகக் கொல்லைக்கு வந்தார். ஆட்டு வியாபாரி. தன் வளர்ப்பு ஆடுகளை என் கிடாவிடம் ஓட்டி வருகிறவர்.

"வாங்க பாய். என்ன காலங்காத்தால?"

"உங்க வீட்டு மாப்பிள்ளையப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேண்ணே."

கிடாவைத்தான் அப்படிச் சொல்லுவார். சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"பெட்டையெல்லாம் மறுபடி கத்துதுண்ணே."

"கத்தினா?"

"கத்தினா சினை நிக்கலன்னு அர்த்தம். ஒண்ணு ரெண்டுன்னா ஆட்டு மேல பழியப் போடலாம். இங்க ஓட்டிட்டு வந்த அத்தனையும் கத்துது. அதே கொட்டகைல வேற கிடாகிட்ட விட்ட பெட்டையெல்லாம் வயித்தத் தள்ளிக்கிட்டு நிக்குது."

கிடாவுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, வாலைத் தூக்கி, கையை விட்டுப் பார்த்தார். கிடா திமிறவில்லை. முன்பெல்லாம் என்றால் மூஸாவை வேலிக்கு அந்தப் பக்கம் தூக்கிப் போட்டிருக்கும்.

"இம்மாம் பெரிய உடம்புக்கு விதை இவ்வளவுதானாண்ணே? போன பக்ரீத்துக்கு முன்னால பாத்தப்ப மாங்கா மாதிரி தொங்குச்சு. இப்பப் பாருங்க, எலுமிச்சங்காதான் இருக்கு. அதுவும் அமுக்குனா கொழகொழங்குது. தீனி என்ன வைக்கிறீங்க?"

"திப்பி."

"காய வச்சா, ஈரமாவா?"

"வர்றபடியே வைக்கிறேன். நல்லாத்தானே திங்குது."

மூஸா எழுந்து கையை மண்ணில் தேய்த்தார். "அட போங்கண்ணே. சேலத்துப் பக்கம் ஆடு புடிக்கப் போனா அங்க சொல்றாங்க, பச்சைத் திப்பிய பொலிகிடாவுக்கு வைக்காதன்னு. அறுப்புக்குப் போற கிடாவுக்கு வைப்பாங்க, அது சதை போட்டாப் போதும்."

எனக்கு உடனே பட்டது இதுதான்: கிடாவைக் கெட்டுப்போனது என்று பேர் பண்ணி மலிவாகத் தட்டிக்கொண்டு போகப் பார்க்கிறார். வியாபாரி வாயிலிருந்து வருவதை எல்லாம் கேட்டால் நான் கோவணத்தோடு நிற்க வேண்டியதுதான். ஆனாலும் ஓட்டி வந்த அத்தனை பெட்டையும் கத்துகிறது என்கிறபோது என்ன பேச முடியும்?

"சரி பாய். கிடாவ மாத்திடறேன்" என்றேன்.

அடிபம்ப்பில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஈஸ்வரியின் கை நின்றது.

"ஆடு சினை புடிக்கலன்னா கிடாவப் பாக்குறீங்க மாமா" என்றாள். தலையை நிமிர்த்தவில்லை. "இந்த வீட்டுல மட்டும் ஏன் ஆட்டையே பாக்குறீங்க?"

மூஸா சட்டென்று வண்டிச் சாவியைத் தேட ஆரம்பித்தார்.

"வாய மூடு" என்றேன். "அங்க ஒரு கிடாவுக்கு ஒரு மந்தை ஆடு. எதுல கோளாறுன்னு குருடனுக்கும் தெரியும். இங்க நீ ஒருத்தி."

"அதனாலதான் ரெண்டு பேரையும் பாக்கணும்கிறேன். என்னைக் குத்திப் பாத்தாச்சு, ஸ்கேன்ல பாத்தாச்சு, குறி சொல்றவன் வேப்பிலையால அடிச்சும் பாத்தாச்சு. உங்க மகன ஒரு தடவ கூட்டிட்டுப் போங்க. அவருக்கு ஒண்ணுமில்லன்னு டாக்டரம்மா சொல்லிட்டா, அண்ணன் கூட வாயத் தொறக்காமப் போயிடறேன். திரும்பி வர மாட்டேன்."

அவள் அழுதிருந்தால் நான் திட்டிவிட்டுப் போயிருப்பேன். அவள் அழவில்லை. சாம்பலைத் தொட்டு மறுபடி பாத்திரத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

இவள் வாயை அடைக்க ஒரே வழிதான் இருந்தது. என் மகனுக்கு ஒரு குறையும் இல்லை என்று அந்த டாக்டர் வாயாலேயே சொல்ல வைத்துவிட வேண்டும். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

* * *

மில்லுக்குள் நான் அதிகம் போனதில்லை. போன பிறகுதான் தெரிந்தது, வெளியே வருகிற நாற்றம் வடிகட்டினது என்று.

கிழங்குத் தோல் மலை மாதிரி குவிந்து, அடியில் அழுகி, கறுப்புச் சாறு வழிந்துகொண்டிருந்தது. அதில் காலை வைத்தால் உள்ளே புழு நெளிவது செருப்பு வழியாகவே தெரிகிறது. தொட்டிக்குள் செழியனும் இன்னும் இரண்டு பேரும். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தொடைக்கு மேல் தண்ணீரில் நிற்கிறார்கள். மேலே மஞ்சள் நுரை. செழியன் காலெல்லாம் ஊறி, செத்த கோழித் தோல் மாதிரி வெளுத்து இருந்தது. நான் பெற்ற பிள்ளை.

"மேல ஏறு. தஞ்சாவூர் போகணும்."

அவனுக்குப் புரிந்துவிட்டது. முகம் சுண்டியது. "இன்னைக்கு லோடு இருக்குப்பா."

"லோடு கெடக்கட்டும். ஏறுடா."

ராஜ்குமார் ஆபீஸ் அறையிலிருந்து வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் பாட்டில் தண்ணீர். "என்ன பெரியவரே, ஆளைத் தூக்கிட்டுப் போறீங்க?"

"தண்ணி ஒரு மாதிரியா இருக்கே, உடம்புக்கு ஆகுமான்னு கேக்கப் போறோம்."

"இது வெறும் கஞ்சித் தண்ணி பெரியவரே. நம்ம வீட்டுல சோறு வடிக்கிறோமே, அது மாதிரி."

"அப்ப அந்த பாட்டிலக் கீழ வச்சுட்டு இதுல ஒரு டம்ளர் குடிங்க. பாத்துட்டுப் போறேன்."

தொட்டிக்குள் இருந்த ஒருத்தன் நுரையைப் பார்த்துக்கொண்டு சிரித்தான். ராஜ்குமார் சிரிக்கவில்லை. செழியனைப் பார்த்து, "நாளைக்குக் காலைல வந்துடுவேல்ல?" என்று மட்டும் கேட்டார். அவன் தலையாட்டினான்.

* * *

தஞ்சாவூரில் அந்த ஆஸ்பத்திரிக் கூடத்தில் ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். ஆண்கள் எல்லாரும் போனைப் பார்த்தார்கள். நாங்கள் மட்டும் அப்பனும் மகனும்.

ஒரு நர்ஸ் பிளாஸ்டிக் டப்பா ஒன்றைச் செழியன் கையில் கொடுத்து, கக்கூசுக்குப் பக்கத்து அறையைக் காட்டினாள். ஊர் கேட்கிற மாதிரி, "மூடிய நல்லா திருகிக் கொண்டாங்க" என்றாள். அறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. உடைந்துபோய் எவ்வளவு நாளாகிறதோ. பணத்தை மட்டும் வாசலிலேயே எண்ணி வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள், ஒரு தாழ்ப்பாள் அடிக்க மாட்டார்கள். கடைசியில் நான் வெளியே நின்று கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். பேரன் கையைப் பிடித்துக்கொண்டு தேர் பார்க்க வேண்டிய வயசில் நான் பிடித்தது அந்தக் கதவைத்தான். போகிறவன் வருகிறவன் எல்லாம், "உள்ளே ஆள் இருக்கா?" என்று கேட்டான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு எல்லாரையும் அடித்திருப்பேன்.

மத்தியானம் தாண்டித்தான் கூப்பிட்டார்கள். டாக்டர் பெயர் பர்வின். தலையில் முக்காடு, என் மகனை விட ஒன்றிரண்டு வயது மூத்திருப்பார். ஈஸ்வரியைப் பார்த்தவரும் இவர்தான். இந்தச் சமாச்சாரத்தை ஒரு பெண்பிள்ளை வாயால் கேட்க வேண்டியிருக்கிறதே என்று நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"உங்க மனைவிக்கு ஒரு குறையும் இல்லன்னு அப்பவே சொல்லி, உங்களை வரச் சொன்னேன். ஏன் இவ்வளவு நாள் வரல?" என்று செழியனைக் கேட்டார்.

"விந்தணு ரொம்பக் கம்மியா இருக்கு. இருக்கறதும் சரியா ஓடல. சிகரெட், குடி உண்டா?"

"இல்லீங்க."

"என்ன வேலை?"

"மில்லுல."

"என்ன மில்லு?"

நான்தான் சொன்னேன். கிழங்கு மில், தொட்டி வேலை, தொடைக்கு மேல் தண்ணீர் என்று. டாக்டர் எழுதுவதை நிறுத்தினார்.

"மரவள்ளில இயற்கையாவே ஒரு விஷம் உண்டுங்கய்யா. கழுவிப் பிழியறப்ப அது தண்ணில எறங்கும். அந்த மாதிரிக் கழிவ எலிங்களுக்குக் குடுத்துப் பாத்திருக்காங்க. அணு கொறைஞ்சிருக்கு, விதை கெட்டிருக்கு."

"எலியும் என் மகனும் ஒண்ணா?"

"இல்லதான். மனுஷங்ககிட்ட இத யாரும் சரியா ஆராயல. அதனால இவருக்கு இதுதான் காரணம்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். வேற காரணமும் இருக்கலாம், அதுக்கும் டெஸ்ட் எழுதறேன். ஆனா எனக்குச் சந்தேகம் இருக்கு. புது அணு உருவாகி வர மூணு மாசம் ஆகும். மூணு மாசம் அந்தத் தொட்டிப் பக்கமே போகாதீங்க. வடிகால்ல குளிக்கறதும் வேண்டாம். அப்புறம் வாங்க, மறுபடி பாப்போம். இது தீராததுன்னு நெனச்சுக்காதீங்க."

அடிச்சுச் சொல்ல மாட்டாராம். அடிச்சுச் சொல்ல முடியாததுக்கு எதற்கு இத்தனை பெரிய கட்டடம், மேலே கண்ணாடி, உள்ளே குளுகுளு என்று காற்று? எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. எலியை வைத்து மனுஷனுக்குச் சொல்கிறார்கள், மூஸா ஆட்டை வைத்துச் சொல்கிறார், நாளைக்கு ஒருத்தன் கோழியை வைத்துச் சொல்லுவான்.

ஆனால் டப்பாவில் இருந்தது எலியுடையது இல்லை. அது என் மகனுடையது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்.

திரும்புகிற பஸ்ஸில் செழியன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அம்மாப்பேட்டை தாண்டியதும் மெதுவாக ஆரம்பித்தான்.

"அம்மாகிட்ட சொல்லாதீங்கப்பா."

"எத?"

"அவ அவங்க அண்ணன் கூடப் போகட்டும். மூணு மாசம் அங்க இருக்கட்டும். எல்லாம் சரியானதும் நானே போய்க் கூட்டிட்டு வந்துடறேன். ஊருக்குள்ள தெரிஞ்சா நான் எப்படிப்பா நடமாடறது?"

"அவ எப்படிடா நடமாடறா?"

ஜன்னல் கம்பியைச் சுரண்டினான்.

"சரி, மில்ல விட்டுடுவியா?"

"பாக்கலாம்பா. மேஸ்திரின்னு பேர் வச்சு நடத்தறாங்க. விட்டுட்டு நம்ம வயல்ல வந்து என்ன பண்றது? கடைமடைக்குத் தண்ணி வர்றப்ப எல்லாரும் அறுத்து முடிச்சுருவாங்க."

அவன் உடம்பிலிருந்து அந்தப் புளித்த வாடை வந்துகொண்டே இருந்தது. முன் சீட்டுக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டாள். இத்தனை நாள் எனக்கு அந்த வாடைதான் அருவருப்பாக இருந்தது. அன்றைக்கு அவன் பேச்சு அதை விட நாறியது.

* * *

வீட்டு வாசலில் முருகையன் கொண்டுவந்த சரக்கு ஆட்டோ நின்றது. ஆளை அழைத்துப் போக எதற்குச் சரக்கு ஆட்டோ என்று பார்த்தால், பின்னால் ஈஸ்வரியின் தையல் மெஷின் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. கல்யாணத்துக்கு அவள் வீட்டில் வாங்கிக் கொடுத்தது. கொஞ்ச நாளைக்குப் போகிறவள் தையல் மெஷினோடு போவாளா? பிரகதாம்பாள் வேலை.

முருகையன் எழுந்து நின்றான். "வாங்க மாமா. ராகு காலம் முடிஞ்சுதான் வந்தேன். உங்ககிட்ட சொல்லிட்டுக் கெளம்பலாம்னு தங்கச்சி உக்காந்திருக்கு."

"உன்னை ஆரு தையல் மெஷின ஏத்தச் சொன்னது?"

"அத்தைதான்..."

பிரகதாம்பாள் குங்குமச் சிமிழோடு வந்தாள். "அவ பொருள் அவகிட்ட இருக்கட்டுமேன்னுதான். நாளைக்கு வெள்ளிக்கிழமை. இருட்டறதுக்குள்ள அனுப்பிடணும். நீங்க ஒண்ணும் பேச வேணாம்."

ஈஸ்வரி உள்ளேயிருந்து வந்து என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் செழியன் முகத்தைப் பார்த்தாள். அவன் செருப்பைக் கழற்றுகிற சாக்கில் குனிந்துகொண்டான். அவ்வளவு நேரமா ஒருத்தன் செருப்புக் கழற்றுவான்?

எனக்குப் பூசி மெழுகத் தெரியாது.

"பிரகதா, கோளாறு அவகிட்ட இல்ல. உன் மகன்கிட்ட. டெஸ்ட் எடுத்தாச்சு. நான் வாசல்லயே நின்னேன்."

சிமிழ் மூடி கீழே விழுந்து உருண்டது.

"பொய்" என்றாள். "என் வயித்துல பொறந்தவனுக்கா? அந்த டாக்டருக்கு இவதான் போன் பண்ணிச் சொல்லிக் குடுத்திருப்பா. எவனோ செய்வினை வச்சிருக்கான். ஆம்பளப் புள்ளயப் போயி டெஸ்ட் எடுத்தீங்களா? வெக்கமா இல்ல?"

"நானும் முழுசா நம்பலடி. ஆனா அவகிட்ட இல்லங்கறத நம்பித்தான் ஆகணும்."

"செழியா, வாயத் தொறந்து சொல்லேன்டா."

அவன் இன்னொரு செருப்பைக் கழற்றினான். முருகையனுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. ஆட்டோ டயரைப் பார்த்தான்.

ஈஸ்வரி சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். முகத்தில் ஒன்றும் இல்லை. செழியனுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். "டாக்டரம்மா என்ன பண்ணச் சொன்னாங்க?"

"மூணு மாசம் தொட்டியில இறங்கக் கூடாதாம்" என்று நான்தான் சொன்னேன்.

"இறங்க மாட்டீங்கல்ல?" அவனைத்தான் கேட்டாள்.

"பாக்கலாம்" என்றான்.

அந்த நேரம் பார்த்து அவன் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தான். ராஜ்குமார். அடித்து ஓய்ந்தது. அவள் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போய்த் தன் பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"இரும்மா, எங்க போற? இன்னைக்கு யாரும் போக வேண்டியதில்ல" என்றேன்.

"அத்தை அனுப்பி நான் போகல மாமா. இவரு வேலைய விடறவரைக்கும் நான் இங்க இருந்தா, அடுத்த காதுகுத்துலயும் எனக்குத்தான் கேள்வி. அண்ணே, அந்த மெஷின இறக்கி உள்ள வையி. பை மட்டும் போதும்."

முருகையன் கயிற்றை அவிழ்த்தான். அவனும் நானுமாக மெஷினைத் தூக்கி அது எப்போதும் இருக்கிற ஜன்னலோரத்தில் வைத்தோம். தைத்துப் பாதியில் நின்ற ரவிக்கைத் துணி இன்னும் ஊசியில் மாட்டியிருந்தது. பிரகதாம்பாள் சிமிழ் மூடியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

ஏறி உட்கார்ந்த பிறகு ஈஸ்வரி என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"இவரு மில்ல விட்டுட்டாருன்னு நீங்க போன் பண்ணுங்க மாமா. நானே பஸ் ஏறி வந்துடறேன். இவரு சொன்னா நம்ப மாட்டேன். நீங்கதான் யாரையும் நம்ப மாட்டீங்களே, கண்ணால பாக்காம சொல்ல மாட்டீங்க."

ஆட்டோ திரும்பி வடிகால் பாலத்தைத் தாண்டிப் போயிற்று. பாலத்துக்கு அடியில் நுரை பஞ்சு மாதிரி உயர்ந்து நின்றது. ஆட்டோ போன காற்றில் ஒரு துண்டு பிய்ந்து பறந்து வந்து எங்கள் வாசல் கோலத்தில் விழுந்தது.

செழியன் வாசலிலேயே நின்றான். மறுபடி போன் அடித்தது.

"அப்பா, காலைல வரியான்னுதான் கேப்பாரு. என்ன சொல்லட்டும்?"

இத்தனை வயசுக்கு மேல் இதையும் நான்தான் சொல்லிக் கொடுக்க வேண்டுமா? சொல்லவில்லை. கொல்லைப் பக்கம் நடந்தேன்.

கிடா என்னைக் கண்டதும் முன்னங்காலைத் தூக்கி நின்றது. திப்பி நேரம். தீனித் தொட்டியைக் கவிழ்த்து அடியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டிக் கொட்டினேன். அதுவும் அதே நாற்றம். அகத்திக்கீரைக் கட்டு ஒன்றை எடுத்து முன்னால் போட்டேன். மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு கத்தியது.

"கத்து" என்றேன். "மூஸாவுக்கு ஆளனுப்பப் போறேன். கொஞ்ச நாள் கழிச்சு அவர் பெட்டையெல்லாம் ஓட்டிட்டு வரட்டும். அதுங்க சினை புடிச்சா, அப்புறம் பாப்போம்."

டாக்டர் சொன்னதை நான் இன்னும் நம்பவில்லை. எலியை நம்பவில்லை, மூஸாவை அறவே நம்பவில்லை. ஒரு கஞ்சித் தண்ணீர் போய் ஒரு ஆம்பளையை என்ன செய்துவிட முடியும்? வேலி ஓரமாகவே வயல் பக்கம் நடந்தேன். பின்னால் கிடா கத்திக்கொண்டிருந்தது. வாசலில் போன் அடித்துக்கொண்டிருந்தது. நாலு அடி வைப்பதற்குள் போன் சத்தம் மட்டும் நின்றது. அவன் எடுத்தானா, அதுவாக ஓய்ந்ததா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.